கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள்

என்னங்க,

முந்தாநாள் என் கண்ணெதிரிலேயே இன்னொருத்தியின் கையோடு கை வைத்துச் சிரித்தீர்கள். உடம்பு சௌகரியமா என்று கேட்கவே வேண்டாம், சிரிப்பே சொல்லிவிட்டது. பிள்ளைகள் நலந்தானே? போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடல் கடந்து வந்து துப்புரவு வேலை பார்க்கும் கலைக்கூடத்தில் ஆளுயரத் திரை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் நம் ஊர்ப் பேருந்து நிலையம் நேரடியாகத் தெரியும். அங்குள்ள திரையில் இங்கிருப்பவர்கள் தெரிவார்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் உள்ளங்கை வைத்தால் வெளிச்சம் பூக்கும். முன்பின் தெரியாதவர்கள் உறவாட வேண்டுமாம். கட்டின பெண்டாட்டி மட்டும் நிற்கக் கூடாது. "ஏம்மா, துடைக்கறவங்க ஓரமா போங்க, படத்துல விழறீங்க" என்று மேற்பார்வையாளர் விரட்டினார்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அவள் போனதும் அவளுடைய கைத்தடத்தைத் துடைக்கப் போனேன். அழுத்தித்தான் துடைத்தேன். உங்கள் கை இன்னும் அங்கேயே இருந்தது. எனக்கும் வெளிச்சம் பூத்தது. தொப்பியும் முகக்கவசமுமாக நின்றவளைப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்தது என்று கையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள்.

மருந்துத் தண்ணீரில் என் விரல்கள் வெடித்திருக்கின்றன. யாராவது வந்தால் களிம்பு கொடுத்தனுப்புங்கள். கூப்பிடுகிறார்கள், போக வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறே அந்தத் திரை முன்னால் வாருங்கள். வேலை போனாலும் போகட்டும், முகத்தைத் திறந்துகொண்டு நிற்பேன். நாலு பேர் பார்க்க என் கையில் கை வையுங்கள். வருவீர்களா?