முதல் ஞாயிற்றுப் பாண்

மச்சான்,

முந்தநாள் தவக்கால வெள்ளி. குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிப் போட்ட பாரை மீனை எடுக்கலாமென்று பிறீசரைத் திறந்தால், கீழ்த்தட்டு வர மறுத்தது. அவ்வளவுக்கு ஐஸ் கட்டியிருந்தது. சுடுதண்ணீர் ஊற்றி, கரண்டிக் காம்பால் குத்தி ஒரு வழியாக இழுத்தபோது முன்னுக்கு வந்தது மீன் அல்ல, நீ. மெல்லிய வெள்ளைத் தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் உன் பென்சில் எழுத்தில் ஒரு திகதி. தாள் நனைந்து பழைய கோதுமைப் பாணின் மணம் எழும்பியது. குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நானும் நீயும் ஒரே நாளில், ஒரே கோயிலில் முதல் நன்மையாக நற்கருணை அப்பம் வாங்கியவர்கள். ஒஸ்லோவுக்கும் ஒரு வருட இடைவெளியில் வந்து சேர்ந்தோம். ஞாயிறு தவறாமல் ஒரே ரெயினில் தமிழ்ப் பூசைக்குப் போவோம். வரும்போது சுவாமியின் பிரசங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டு வருவோம். பிறகு உனக்கு வேலை போயிற்று. நீ வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த மாதங்களில் பெந்தெகொஸ்தே சபைக்காரர் உன்னைத் தேடி வந்து பக்கத்தில் இருந்து செபித்தார்கள். கோயிலிலிருந்து யாரும் வரவில்லை. நானே இரண்டு முறைதான் வந்தேன். அடுத்த சித்திரையில் நீ அவர்களிடம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாய்.

"அல்லேலூயாக் கூட்டத்தோடை போய்ச் சேர்ந்திட்டாய். இனி உனக்கும் எனக்கும் என்னடா கதை?" என்று கேட்டேன். உண்மையில் கேட்க நினைத்தது வேறு. இனி ஞாயிற்றுக்கிழமை ரெயினில் எனக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்பதுதான் அது. அது வாயில் வரவில்லை. ஒரு வருடம் நாம் கதைக்கவில்லை.

என் மனைவியின் அடக்கப் பூசைக்கு நீ வந்து கடைசி வாங்கில் நின்றதைக் கண்டேன். அடுத்த மாதத்து முதல் ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணிக்கு, கதவு மணி அடித்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மாத்பக்கே என்கிற மத்தியானப் பாண் சுற்றிக்கொண்டு போகும் தாளில் எதையோ மடித்து நீட்டினாய்.

"இதென்னடா?"

"இண்டைக்கு எங்கடை சபையிலை இராப்போசனம். உனக்கும் ஒரு துண்டு."

"உது கடைப்பாண். எனக்கு வேண்டாம்."

"உள்ளுக்கு விடு. இருந்து கேள் முதல்."

ஆதித் திருச்சபைகளைப் பற்றி நோர்வேஜிய மொழியில் ஒரு புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வாசித்திருந்தாய். சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தொடங்கிவிட்டாய். "அவையும் அடிபட்டவைதான் மச்சான். உயிர்த்த ஞாயிறை எந்த நாளிலை கொண்டாடுறது எண்டு ஆசியாச் சபையளுக்கும் ரோமுக்கும் பெரிய கொழுவல். நோன்பும் அப்பிடித்தான். சிலர் ஒரு நாள், சிலர் ரெண்டு நாள். எண்டாலும் ரோமிலை இருந்த மூப்பர்மார், வேறை நாளிலை கொண்டாடின ஆக்களுக்கும் தங்கடை அப்பத்தை அனுப்பினவை. முறை வேறை, விசுவாசம் ஒண்டு எண்டு காட்ட. ஆளையாள் விடேல்லை. அதுதான் விசயம்."

"அப்ப பாப்பரசர் எங்கையடா உங்களிட்டை?" என்று மடக்கினேன்.

"அதுக்கு வாற மாதம் பதில் சொல்லுறன். இப்ப தேத்தண்ணி போடு."

"உங்கடை போதகருக்குத் தெரியுமே?"

"தெரியாது. நீயும் உன்ரை சுவாமிக்குச் சொல்லிப்போடாதை."

நீ போன பிறகு அந்தத் துண்டை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கோயிலில் சுவாமி தரும் நன்மை என்று எண்ணி வாயில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. வெறும் பாண் என்று சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைப் பைக்குள் எறியக் கையும் வரவில்லை. கடைசியில் பிறீசரின் கீழ்த்தட்டில் வைத்து மூடினேன். யோசிக்கும்வரை கிடக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டாய்: "சாப்பிட்டனியே?"

"ஓம், சாப்பிட்டனான்."

அப்படி எத்தனை மாதங்கள்! பாப்பரசர், குழந்தை ஞானஸ்நானம், மாதா என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தோம். ஒன்றிலாவது நீ என்னை வென்றதும் இல்லை, நான் உன்னை வென்றதும் இல்லை. என் மகன் தூரத்தில், துரொண்ட்ஹெய்மில் இருக்கிறான், நத்தார்ப் பண்டிகைக்கு வருவான். மற்றபடி என் கதவு மணியை அடித்தவன் நீ ஒருவன்தான். உன் ஒரு கேள்விக்கு மட்டும் உண்மை சொல்லத் துணிவு வரவில்லை. சொன்னால் நீ வருவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

நோய் முற்றி நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடைசித் துண்டை உன் மகளிடம் கொடுத்து அனுப்பினாய். மறுநாள் உன்னைப் பார்க்க வந்தேன். மூச்சு வாங்க வாங்க அதையே கேட்டாய். அதற்கும் நான் ஓம் என்றேன். நீ கண்ணை மூடிச் சிரித்தாய். உனக்கு ஆறுதல் தந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பி வரும் ரெயினில் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் வெட்கமாக இருந்தது.

உன் அடக்க ஆராதனையில் எப்போது எழும்புவது, எப்போது கை தட்டுவது என்று தெரியாமல் கடைசிக் கதிரையில் இருந்தேன். முடிந்ததும் உன் மகள் கோப்பிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"மாமா, நீங்கள் பாணைச் சாப்பிடுறேல்லை எண்டு அப்பாவுக்குத் தெரியும்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"உங்கடை வீட்டிலை ஒருக்கா ஐஸ் எடுக்கப் பிறீசரைத் திறந்தவராம். எல்லாம் மாத்பக்கே மாதிரி வடிவா அடுக்கியிருந்ததாம். வீட்டை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். எறியேல்லைத்தானே, அது காணும், அது போதும் எண்டவர்."

எப்போது திறந்தாய் மச்சான்? எனக்கு நினைவே இல்லை. சிலநேரம் கோபமும் வருகிறது. தெரிந்தால் ஒருதரம் கேட்டிருக்கலாமே, படுபாவி! பொய் என்று தெரிந்துகொண்டே மாதாமாதம் புதுத் துண்டைக் கொண்டு வந்து, புதிதாய்க் கேட்பதைப் போலக் கேட்டிருக்கிறாய். நான் உன்னைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தேன். என்னை விடாமல் வைத்திருந்தது நீதான்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. காலையில் பூசைக்குப் போனேன். ரெயினில் பக்கத்து இருக்கை வெறுமையாக வந்தது, அதன்மேல் என் தொப்பியை வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பழைய திகதி போட்ட பொட்டலம் ஒன்றை எடுத்து இளக வைத்தேன். இரண்டு மணிக்கு உன் கதிரைக்கு எதிரே இருந்து அதைச் சாப்பிட்டேன். கொஞ்சம் மீன் வாசம் அடித்தது. அது நன்மையா, கடைப்பாணா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. சுவாமி கேட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியாது. ஆனால் விழுங்கும்போது அழுதேன்.

மிச்சத்தைத் திரும்பவும் அடுக்கி வைத்துவிட்டேன். மாதத்துக்கு ஒன்று என்றால் என் காலத்துக்குக் காணும்.

கேட்க ஆளில்லாத வீட்டில் நானே கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னேன்:

"சாப்பிட்டனான் மச்சான்."