ஏழு வீடியோக்களில் உங்கள் குரல்

என் அன்பான ‘என்னங்க’வுக்கு,

பதினோரு வருஷம் அப்படித்தானே கூப்பிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆன பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை.

சஹானா நன்றாக இருக்கிறாள். நான்காம் வகுப்பு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தும் வாயைத் திறந்தால் பாதி இந்தி. உங்கள் லோதி ரோடு ஆபீஸிலேயே எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள்; லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறோம். அவளுக்கு வலிப்பு முழுக்க நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அங்கிருந்தே முறைப்பீர்கள்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார். குழந்தைகளின் வலிப்பில் பல வகை இருக்கிறதாம். பெரும்பாலும் அது டாக்டர் எதிரில் வருவதில்லை, வீட்டில்தான் வருகிறது. அதனால் பெற்றோர் போனில் எடுத்த வீடியோக்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இது எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்று சீக்கிரமே சொல்ல முடியுமா என்பதுதான் அவர்கள் தேடுவது. நம் பிள்ளைக்குச் சரியான மருந்து அமைய இரண்டு வருஷம் அலைந்தோமே, அந்த அலைச்சல் இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம் என்கிறார். நீங்கள் எடுத்து நம் டாக்டரிடம் கொடுத்திருந்த ஏழு வீடியோவும் அத்தனை தெளிவாம்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வீடியோக்களுக்காக உங்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! “பிள்ள கெடந்து துடிக்கு, நீங்க படம் எடுத்துட்டு நிக்கியளா? மனுசனா நீங்க?” என்று கத்துவேன். நீங்களோ போனை இறக்க மாட்டீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணிக்கொண்டே நிற்பீர்கள். கல்நெஞ்சக்காரர் என்றுதான் நினைத்தேன். நீங்கள் போன பிறகு ஒரு வீடியோகூட இல்லை. அவளை ஒருக்களித்துப் பிடிக்கவே எனக்கு இரண்டு கையும் சரியாகப் போகிறது.

டாக்டரம்மாவுக்கு நம் தமிழ் புரியவில்லை. வலிப்பு வரும்போது அப்பா என்ன கேட்கிறார், பிள்ளை அதற்கு ஏதாவது செய்கிறாளா என்பது முக்கியமாம். நீங்கள் பேசுவதை எல்லாம் நான் இந்தியில் எழுதித் தர வேண்டும். கூடவே ஒரு படிவம்: மாணவர்களுக்குக் காட்டும்போது குரல் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா? நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, சஹானாவும் சரி என்று சொல்ல வேண்டும். தனக்கு என்னவோ வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அது எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லையே. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எதைக் காட்டிச் சம்மதம் வாங்குவது?

சனிக்கிழமை மதியம் அவள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். “அப்பா இங்கனதான் இருக்கேன் மக்ளே. என் விரலப் பிடி. பிடிக்க முடியுதா?” உங்கள் நாகர்கோவில் பேச்சு அப்படியே. நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். எழுதுவதற்காகத்தான் நிறுத்தினேன் என்றால் அது பொய்.

ஆறு வீடியோவிலும் நிதானமாகப் பேசுகிறீர்கள். ஏழாவதுதான் நீளமானது. எழுபத்தொன்று வரை ஒழுங்காக எண்ணுகிறீர்கள். எழுபத்திரண்டு என்கிறீர்கள், மறுபடி எழுபத்தொன்று, அப்புறம் எழுபது. பிறகு ரொம்ப மெதுவாக, “எனக்கு எண்ண வரமாட்டேங்கு மக்ளே. நீயே நிறுத்திரு” என்கிறீர்கள். நான் ஒரு கை தூரத்தில் இருந்திருக்கிறேன். உங்களைத் திட்டிக்கொண்டிருந்ததில் அது என் காதில் விழவே இல்லை.

என்னங்க, நீங்களும் பயந்தீர்களா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்ல நான் இடம் கொடுத்தேனா?

இதை எப்படி இந்தியில் எழுதுவது? முன்பின் தெரியாதவர்கள் நீங்கள் பயந்ததைக் கேட்க வேண்டுமா? குரலை எடுத்துவிடச் சொல்லலாம் என்று பேனாவைக் கையில் எடுத்தபோதுதான், சஹானா என் பின்னால் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. போனை மறைக்கப் போனேன்.

“மம்மி, அது நான்தானே?”

“ஆமா.”

“அப்பா வாய்ஸ் இருக்கா? முஜே பி. எனக்கும் குடு.”

செய்வது சரியா தப்பா என்று தெரியாமலே ஒரு இயர்போனை அவள் காதில் வைத்தேன். முதலிலிருந்து கடைசி வரை அசையாமல் கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். “அப்பா பயந்துட்டாங்களா?” என்று கேட்டாள். பயந்துட்டாங்க என்றேன். டாக்டர் இதையெல்லாம் கேட்கிறார், வேறு பிள்ளைகளுக்கு உதவுமாம், கொடுக்கலாமா, உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

“டாக்டர் தீதிகிட்ட குடு மம்மி. ஆனா அப்பா ஆவாஸ் கட் பண்ண வேணாம்னு சொல்லு. மொதல்ல உன் பின்னாடி நின்னு சத்தம் இல்லாம பாத்தேன்ல, அப்போ நான் அகேலி இருந்தேன்.”

தனியாக இருந்தாளாம். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் இந்த வாக்கைத் தருகிறேன்: திங்கட்கிழமை படிவத்தில், குரல் இருக்கட்டும் என்று எழுதுவேன். எண்ண வரவில்லை என்று நீங்கள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் எழுதிக் கொடுப்பேன்.

பக்கத்திலேயே இருந்தும் உங்களைக் கேட்காமல் போன
உங்கள் மனைவி,
சஹானாவின் அம்மா