கரையில் காணாமல்போன ஆறு கட்டங்கள்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். உன் நலம் கடிதத்தில் வந்தால்தான் உண்டு. போன் செய்தால் "அப்புறம் பேசறேன்க்கா" என்கிறாய்.

உன் மகள் வாண்டுவின் கல்யாணப் போர்வைக்குக் கம்ப்யூட்டரில் வடிவம் போட்டு முடித்தேன். பத்து நாளாக அதுவே கதி. நீ கேட்டபடி சுற்றிலும் கரை. கரையில் அவள் வயதுக்கு ஒன்றாக இருபத்து நான்கு கட்டங்கள். மூலையில் வயது, நடுவில் அந்த வருஷத்துப் பொருள். ஐந்தில் மஞ்சள் குடை. ஏழில் விழுந்த பல். பன்னிரண்டில் உன் வீட்டுப் பூனை.

துணி வெட்டித் தைப்பது உன் பாடு. எதையாவது மாற்றினால் சொல்லிவிட்டு மாற்று.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

வடிவம் கண்ணிலேயே நிற்கிறது. கரையில் மட்டும் சின்னத் திருத்தம். கட்டங்கள் அதிகமாகப் பட்டதால் குறைத்தேன். மிச்சத்தை மென்பொருளே இழுத்து நிரப்பிவிட்டது, இடைவெளியே தெரியவில்லை. இதோடு படம் வைத்திருக்கிறேன். சம்பந்தி வீட்டார் போர்வையைப் பார்க்க வருகிறார்கள், அதனால் தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

தங்கை

மார்ச் 18

தங்கைக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை.

படத்தில் உன் பூனை கழுத்து நீண்டு ஒட்டகமாக நிற்கிறது. பத்துக்குப் பத்து அங்குலம், சரியான சதுரமாக நான் போட்ட கட்டம். ஏன் நீண்டது என்று எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுதான் இருக்கிறது. ஐந்து முதல் பத்து வரை காணோம்.

அதிகமென்றால் அங்கொன்று இங்கொன்றாக எடுத்திருப்பாய். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அவளை என்னிடம் விட்டாயே, அந்த ஆறு வருஷத்தை மட்டும் எப்படிக் குறிபார்த்து எடுத்தாய்? காய்ச்சலில் பதினோரு நாள் அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தவள் நான். நன்றி கேட்கவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்காதே. இடைவெளி தெரியவில்லையாம். எனக்குத் தெரிகிறது.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

ஆமாம், வேண்டுமென்றேதான் எடுத்தேன். சம்பந்தியம்மா ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் கேட்பார். "இந்தக் குடைக்கு என்ன கதை?" என்றால் நான் என்ன சொல்வது? "பெத்தவ நான்தான், ஆனா எங்கக்காவைத்தான் கேக்கணும்" என்றா?

நான் உல்லாசப் பயணம் போகவில்லை. யார் வீட்டுக் குழந்தைகளையோ குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருந்தேன். லீவே கிடைக்காமல் ஆறு வருஷம் கழித்து வந்து நின்றால், என் மகள் "வாங்க, உக்காருங்க" என்றாள். விருந்தாளியிடம் பேசுவதுபோல். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

என் மகள், என் போர்வை. இதில் உனக்கு என்ன வந்தது?

தங்கை

ஏப்ரல் 1

தங்கைக்கு,

அழக்கூடாது என்று சிரித்தேன். மறுநாள் காலையில் நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அவளுடைய துணிகளை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதுகூட உனக்குத் தெரியவில்லையென்றால் போகட்டும்.

பதினெட்டோடு தைத்துக்கொள். நான் வரைந்தது என்று யாரிடமும் சொல்லாதே. கல்யாணத்துக்கும் நான் வரவில்லை. கரையிலேயே இடமில்லாதவளுக்கு மண்டபத்தில் நாற்காலி எதற்கு?

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

சமாதானக் கடிதம் என்று நினைத்துவிடாதே. கோபம் எனக்கு அப்படியே இருக்கிறது.

நேற்று வாண்டு வந்து, தையல் மேஜையில் கிடந்த போர்வையை விரித்துப் பார்த்தாள். கரை ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். நாலுக்கு அடுத்துப் பதினொன்று. விரல் அங்கேயே நின்றது. "பெரியம்மா எங்கேம்மா?" என்று மட்டும் கேட்டாள். அறைக்குள் போனவள் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

தைத்த கரை முழுவதையும் பிரித்துவிட்டேன். நீ முதலில் அனுப்பிய கோப்பைத் திறந்து, இருபத்து நான்காகவே மறுபடி வெட்டினேன். பதினெட்டுக்கு உருவம் வைத்தாயிற்று. ஆறு மட்டும் வெறும் வெள்ளைத் துணியாகக் குண்டூசி குத்திக் கிடக்கின்றன. உன் படத்தைப் பார்த்து நானே தைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். குடைக்கு மஞ்சள் துணியைக் கையில் எடுத்தேன். அது எந்த மஞ்சள் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

நீ வந்து தை. என்னோடு நீ பேச வேண்டாம், நானும் பேசப்போவதில்லை. ஆனால் தைக்கும்போது ஒவ்வொரு வருஷத்தின் கதையையும் வாண்டுவிடம் கொஞ்சம் சத்தமாகச் சொல்லு. நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

தங்கை