பலகை இறக்கும் வெள்ளிக்கிழமை

பர்மிங்ஹாம்,
8 மார்ச் 1965

அன்புள்ள சைலஸ்,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். நான் படகைவிட்டு இறங்கி நாலு வருஷத்தில் இது மூன்றாவது கடிதம். நீ எழுதியது ஒன்றே ஒன்று, அதிலும் பாதி மழையைப் பற்றி.

ஒரு சேதி. என் வீட்டுக் கொல்லையை ஒட்டிய கிளைக் கால்வாயை மூடுகிறார்கள். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை அது பிரியும் வாயில் தண்ணீரை அடைக்கும் பலகை இறக்கி, பிறகு மண்ணைக் கொட்டுவார்களாம். இங்கே ஆணித் தொழிற்சாலைக்குக் கடைசி நிலக்கரி நீதான் கொண்டுவருகிறாய் என்றார்கள். இறக்கியதும் கிளம்பிவிடு. மாட்டிக்கொண்டால் படகு மீளாது. படகில்லாமல் உன்னால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா?

உன்
ஹெட்டி

ஸ்மெத்திக் மதகடி,
17 மார்ச்

அன்புள்ள ஹெட்டி,

நேற்று முழுக்க ஊருக்குள்ளேயே வந்தேன். எதிரே ஒரு படகுகூட இல்லை. கண்ணாடி ஆலையில் ஜன்னலெல்லாம் உடைந்து கிடக்கிறது. பித்தளை ஆலைச் சுவரில் வெந்நீர் கொட்டுமே, முன்பு நீ துணி துவைத்த இடம், அங்கே கையை நீட்டிப் பார்த்தேன். வெறும் துருதான் ஒட்டியது. முழங்கைவரை நுரையோடு நின்று, "மெதுவா வாய்யா, என் சோப்பு தண்ணியில போவுது!" என்று கத்துவாய்.

என் படகு கயிற்றில் இழுத்துவந்த பின்படகில் நீ சுக்கான் பிடித்த காலத்தில் நான் திரும்பிப் பார்த்ததேயில்லை. இப்போது பின்படகே இல்லை, பாலத்துக்குப் பாலம் திரும்பிப் பார்க்கிறேன். "என்னப்பா, ஒத்த ஆளா தேர் இழுக்கிறியா?" என்று மதகுக்காரர் க்ளெம் கேலி செய்தார். சிரித்துவைத்தேன். அழுகைதான் வந்தது.

"நீ தரையில கால வச்சா உன்னத் தேடி வரமாட்டேன்" என்று அன்று சொன்னது என் கொழுப்பு. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நாலு வருஷத்தைத் தொலைத்தேன்.

நாளை சரக்கை இறக்கிவிட்டு, நீ சொன்னபடி போய்விடுகிறேன்.

சைலஸ்

20 மார்ச்

ஹெட்டி,

நேற்றுப் பலகை இறக்கிவிட்டார்கள். "பெரியவரே, படக எடுங்க! அப்புறம் உள்ளயே கிடந்து மக்க வேண்டியதுதான்!" என்று மேஸ்திரி மூன்று தரம் கத்தினான். காது கேளாதவன்போல அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கடைசிப் பலகை விழும்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

உன் கொல்லையிலிருந்து முப்பதடியில் நிற்கிறேன். துணி உலர்த்த வந்தாய், என்னைப் பார்த்தாய், உள்ளே போய்விட்டாய். கதவைத் தட்டக் கை எழவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன். வேண்டாம் என்றால் பதில் போடாதே. புரிந்துகொள்வேன்.

சைலஸ்

திங்கள் காலை

சைலஸ்,

முப்பதடிக்குத் தபால்தலை ஒட்டிய மனிதனை இப்போதுதான் பார்க்கிறேன்.

உள்ளே போனது கோபத்தில் இல்லை. நான் அழுது நீ பார்த்ததில்லை, இந்த வயதில் எதற்கு என்று போனேன். நீ தூங்குகிறாய், இதை உன் படகின் கூரையில் வைத்து, மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டுப் போகிறேன். ஐந்தரைக்கு வேலை விட்டு வருவேன்.

வீட்டில் கரி தீர்ந்துவிட்டது. படகுக்குள் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து எடுத்துக்கொண்டு போய் அடுப்பை மூட்டி வை. கதவு பூட்டவில்லை. காலைத் துடைத்துவிட்டு நுழை.

ஹெட்டி