பதினோராவது பயணம்

2025 பெப்ரவரி 3, திங்கள்

இன்று தேத்தண்ணீரைக் கோப்பையில் ஊற்றப் போய் மேசையில் ஊற்றினேன். கோப்பை இருந்த இடம் ஒன்று, நான் நினைத்த இடம் வேறு. மனைவி பெர்னடெட் ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். மனுசி வாய் திறக்காமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பரில் படகு கட்டும் கயிறு அறுந்து, நுனியில் இருந்த கொளுக்கி வலது கண்ணில் அடித்தது. அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது. பத்தொன்பது வருடம் குறிகட்டுவான் துறையிலிருந்து தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியவன், இப்போது குருநகரில் வீட்டுக்குள் கதிரையில் இருக்கிறேன். நான் ஓட்டிய படகை பெர்னடெட்டின் தம்பி றோய் ஓட்டுகிறான்.

பெப்ரவரி 8, சனி

மகள் கிறிஸ்ரினா தன் லப்ரொப்பை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். விண்கலம் ஓட்டுகிற விளையாட்டு. இருபது பயணங்கள், விரும்பியதை எந்த ஒழுங்கிலும் ஓடலாம். அவள் கேம்களைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதுகிறவள். இதில் மிகக் கடினமான பயணங்கள் எவை என்று ஒப்பிட்டு எழுதப் போகிறாளாம்.

"கையும் கண்ணும் திரும்பச் சேர்ந்து பழகோணும் எண்டு டொக்டர் சொன்னவர்தானே அப்பா. இதை ஓடிப் பாருங்கோவன்."

"நான் என்ன சின்னப் பொடியனே?"

முதல் பயணத்தில் ரொக்கெற்றை நேராக மேலே எழுப்பினால் போதும். மூன்று தரம் சரிந்து விழுந்து வெடித்தது. மூடி வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எட்டுத் தரம். எட்டும் வெடித்தது.

பெப்ரவரி 26, புதன்

ஏழாவது பயணம் இன்று முடிந்தது. சந்திரனில் இறங்க வேண்டும். அங்கே காற்று இல்லாததால் பரசூட் உதவாது, எஞ்சினின் உதைப்பு மட்டும்தான். அதையும் கணக்காக எரிக்க வேண்டும். கிறிஸ்ரினாவின் பட்டியலில் இதுதான் முதலாவது. அவளுக்கு முப்பது தரத்துக்கு மேல் பிடித்ததாம். எனக்குப் பதினாலு.

"எப்பிடி அப்பா?"

நிழலைப் பார்த்தேன் என்றேன். கலம் இறங்க இறங்க அதன் நிழல் தரையில் ஓடி வருகிறது. நிழலும் காலும் சேரும் இடம்தான் தரை. அவள் எண்களை மட்டும் பார்த்து இறங்கியிருக்கிறாள், நிழலைக் கவனிக்கவே இல்லை. உடனே எழுதிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. மறைப்பானேன்.

மார்ச் 2, ஞாயிறு

பதினாலாவது. வெளியிலிருந்து பூமியின் காற்றுக்குள் திரும்பி வருவது. செங்குத்தாக வந்தால் எரிந்துபோகும், மிகத் தட்டையாக வந்தால் தண்ணீரில் எறிந்த ஓடு மாதிரித் தெறித்து வெளியே போய்விடும். கிறிஸ்ரினா இதை இரண்டாவதாக வைத்திருக்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோணத்தை ஒருதரம் சரியாகப் பிடித்தால் பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பயம் கூட, வேலை குறைவு. பயத்தையும் கடினத்தையும் ஒன்றாகப் போட்டு ஒப்பிடலாமா? அரை மணித்தியாலம் தர்க்கம்.

மார்ச் 6, வியாழன்

பதினோராவது பயணம். வானத்தில் ஒரு நிலையம் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் வாசலோடு கலத்தைக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். அவ்வளவுதான்! இறங்குதுறையில் படகு அணைக்கிறதுபோல. இது எனக்குக் கைவந்த வேலை என்று நினைத்துத் தொடங்கினேன்.

பதினாறு தரம். மூன்றில் நிலையத்தையே உடைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றோடு நாற்பத்தொன்று. இதைப் போய் அவள் நாலாவது இடத்தில் போட்டிருக்கிறாள். நாலாவதாம்!

எனக்கு எங்கே பிழைக்கிறது என்று தெரியும். தூரமும் வேகமும் திரையின் வலது மூலையில் சின்ன எண்களாக ஓடுகின்றன. என் குருட்டுப் பக்கம். தலையைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தால் கலம் விலகியிருக்கிறது. வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் எவ்வளவு கிட்ட வந்துவிட்டேன் என்று தெரியவில்லை. கோப்பையும் தேத்தண்ணீரும்தான் திரும்பவும்.

"நம்பரை நான் வாசிச்சுச் சொல்லட்டே அப்பா?"

"வாயை மூடு! எனக்கு ஆரும் வழி சொல்லத் தேவையில்லை."

கலத்தை ஓட்டுகிற ஜொய்ஸ்ரிக்கைச் சுவரில் எறிந்துவிட்டேன். அவள் காசு சேர்த்து வாங்கியது. அதைப் பொறுக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

பெர்னடெட் குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்தாள். "பிள்ளையோடை ஏன் கத்திறியள்? உங்கடை கண் போனது அவளாலையே?"

நவம்பருக்குப் பிறகு கண்ணைப் பற்றி அவள் என்னோடு நேராகக் கதைத்தது இதுதான் முதல்தரம்.

மார்ச் 12, புதன்

விளையாட்டை வைத்து என்னத்தை அளக்கிறது? உண்மைப் படகிலேயே பார்த்துவிடுவோம் என்று காலையில் குறிகட்டுவானுக்குப் பஸ் எடுத்தேன். படகுச் சொந்தக்காரர் ஏரம்பு அங்கே நின்றார். வெறும் படகில் ஒரேயொரு தரம் என்று கெஞ்சிக் கேட்டேன். றோயும் கூட ஏறினான்.

வெளியே எடுத்துப் போகும்போது நான் பழைய சிமியோன்தான். சுக்கான் கையில் பட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. திரும்பி வந்து அணைக்கும்போது இன்னும் பத்தடி இருக்கிறது என்று நினைத்தேன். இருக்கவில்லை. படகு துறையில் மோதி, பக்கப் பலகை வெடித்தது. றோய் முழங்காலில் விழுந்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்த சனமெல்லாம் எழும்பிப் பார்த்தது.

"சிமியோன், ஆக்களை ஏத்த உமக்கு இனிப் படகு தரேலாது. என்னோடை கோவிக்காதையும்."

ஏரம்பு சொன்னது சரி. சரி என்றபடியால்தான் இவ்வளவு கோபம். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. றோய் அக்காவிடம் சொல்லியிருப்பான்.

மார்ச் 13, வியாழன்

எதற்கு எழுதுகிறேன்?

மார்ச் 16, ஞாயிறு

கிறிஸ்ரினா கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு கிழமையாக முகம் தராத பிள்ளை. பட்டியல் மாறியிருக்கிறது. பதினோராவது பயணம் இப்போது முதலாம் இடத்தில்.

"எனக்காண்டி மாத்தினியோ? எனக்கு உந்த இரக்கம் வேண்டாம்."

"இல்லையப்பா. லேஞ்சியாலை ஒரு கண்ணைக் கட்டினன். நம்பர் தெரியிற மூலையிலை பேப்பர் ஒட்டினன். முப்பத்தொரு தரம் ஓடினன். ஒருக்காலும் சேரேல்லை."

பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்து ஓடியிருக்கிறாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அப்ப உதை எப்பிடித்தான் செய்யிறது?" என்று கேட்டேன்.

"தனியச் செய்யேலாதப்பா."

ஜொய்ஸ்ரிக் எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒரு பக்கம் ஒட்டு நாடா சுற்றியிருக்கிறாள். வேலை செய்கிறது.

மார்ச் 22, சனி

கிறிஸ்ரினா என் வலது பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். எண்களை அவள் வாசிக்க, நான் வாசலை மட்டும் பார்த்தேன்.

எளிதாக இருக்கவில்லை. இன்னொருவர் வாயைக் கேட்டு என் கை அசைவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அவள் சொல்வதற்கு முன்பே இழுத்தேன், சொன்ன பிறகும் விட்டேன். மூன்று தரம் ஏசினேன். அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை.

ஒன்பதாவது தரம். "பன்னிரண்டு மீற்றர்... ஒன்பது... வேகம் கூட அப்பா, குறையுங்கோ... ஆறு... இப்ப சரி... மூண்டு... தொடாதேங்கோ, விடுங்கோ, அப்பிடியே விடுங்கோ..."

பூட்டு விழுந்த சத்தம்.

அவள் கத்திய கத்தில் பெர்னடெட் கையில் அகப்பையோடு ஓடி வந்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். சந்தோசம்தான். ஆனால், இந்த உதவியைக் கேட்க ஏன் எனக்கு இவ்வளவு நாள்?

மார்ச் 28, வெள்ளி

ஏரம்புவிடம் திரும்பப் போனேன். ஆட்கள் வேண்டாம், பின்னேரம் தீவுக்குப் போகிற சாமான் படகைத் தாருங்கள் என்று கேட்டேன். அணைக்கும்போது றோய் முன்முனையில் நின்று தூரம் சொல்லட்டும், அவன் சொன்னபடி நான் ஓட்டுகிறேன்.

ஏரம்பு றோயைப் பார்த்தார். அவனுக்கு முழங்கால் இன்னும் நோகிறது.

"நான் நிக்கிறன் அத்தான்," என்றான். "ஆனால் நான் நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டோணும். அண்டைக்கும் நான் கத்தினனான். நீங்கள் கேக்கேல்லை."

கத்தினானா? எனக்குக் கேட்கவே இல்லை. அல்லது கேட்க விரும்பவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஏரம்பு துறையில் நின்று பார்க்க, வெறும் படகைப் பத்துத் தரம் அணைத்தோம். இரண்டு தரம் மெல்ல இடித்தது. அவர் ஒரு முடிவும் சொல்லாமல் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து சாப்பாடு சரியில்லை என்று சண்டை பிடித்தேன்.

ஏப்ரல் 5, சனி

கிறிஸ்ரினாவின் கட்டுரை வந்துவிட்டது. ஏழாவது பயணம்தான் கடினம் என்று கீழே ஆளுக்காள் சண்டை. எனக்கும் பதில் எழுத வேண்டும்போல இருந்தது. தமிழில் ரைப் பண்ணத் தெரியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஏரம்பு ஒருவழியாகச் சம்மதித்தார், இன்று முதல் சாமான் ஓட்டம். றோய் முன்முனையில். இருபதடி, பன்னிரண்டு, எட்டு, நாலு. தீவுத் துறையில் படகு சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

கயிற்றைக் கட்டி முடிக்கவில்லை, கடைக்காரி குணலட்சுமி வந்துவிட்டா. "வருசப் பிறப்புக்குக் கேட்ட சோடா இண்டைக்கே வருது? சனம் எல்லாம் கொண்டாடி முடிச்சுப் போட்டுதுகள். ஆருக்கு விக்க?" பெட்டிகளை எண்ணி எண்ணி ஏசினா. இரண்டு போத்தல் உடைந்திருந்தது, அதற்கும் ஏச்சு. என் கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பார்த்ததாகவே தெரியவில்லை.

"இனிப் பிந்தாது அக்கா," என்றேன்.

நாளைக்குக் காஸ் சிலிண்டர், கோழித்தீன், இருபது பை சீமெந்து.