வீட்டுக்கு ஒரு விதை

தம்பின், 6.6.1943

அன்புள்ள அத்தானுக்கு,

உப்பு காய்ச்சும் புகையில் கண் கெடாமல் இருக்கிறீர்களா? நான் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கல் மாதிரி இருக்கிறேன்.

ஒரு செய்தி. நம் ரப்பர் தோட்டத்துக்குத் தலைவரை ஜனங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஜப்பான்காரர்களிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டால் பெயர் எழுதிக் கொடுப்பதும் இனித் தலைவர்தான். மாயாண்டிக் கங்காணி எழுதி அனுப்பிய முப்பத்தொரு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அதனால் அவரை எதிர்த்து நான் நிற்கிறேன். திட்டாதீர்கள்.

உங்கள்
ராக்கம்மா


போர்டிக்சன், 11.6.1943

ராக்கம்மாவுக்கு,

திட்டாமல் கொஞ்சவா சொல்கிறாய்? என் பெயரை எழுதாமல் இங்கே உப்பு வேலைக்கு அனுப்பிவைத்ததே கங்காணிதான். அவரைப் பகைத்தால் அடுத்து சயாமுக்குப் போவது நான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். விலகிவிடு.

இராஜமாணிக்கம்


தம்பின், 20.6.1943

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயித்துவிட்டேன்!

பெண்கள் ஓட்டுப் போடக்கூடாதென்று கங்காணி ஒரு விதி வைத்தார்: வீட்டுக்கு ஒரு ஓட்டு, குடும்பத் தலைவருக்கு மட்டும். அவருக்கொன்று எனக்கொன்று என்று இரண்டு ரப்பர் பால் வாளி, ஓட்டாகப் போட ஆளுக்கு ஒரு ரப்பர் விதை. முதலில் வந்தவள் செல்லம்மா. "ஒன் புருஷன எங்க?" என்றார் கங்காணி. "நீங்கதான சயாமுக்கு அனுப்புனீங்க? இப்ப எங்க வீட்டுக்கு நாந்தான் தலைவர்லா" என்றாள். ஜப்பான் அதிகாரி தலையாட்டிவிட்டார். அவளுக்குப் பின்னால் முப்பது பெண்கள் நின்றார்கள்.

மறுநாளே அதிகாரி இரண்டு பேர் கேட்டார். இதுவரை ஆள் அனுப்பாதது கங்காணி வீடும் நம் வீடும்தான். அவர் மகன் பெயரை எழுதினேன். கீழே உங்கள் பெயரை எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன், அத்தான்.

முப்பத்தொரு பேருக்கு வாய் திறக்காத கங்காணி, மகன் பெயரைப் பார்த்ததும் அதிகாரி காலில் விழுந்தார். இனியும் ஆள் குறைந்தால் மரவள்ளி நடவே நின்றுவிடும் என்று மன்றாடினார். அதிகாரி யோசித்துவிட்டு, இந்தத் தடவை யாரும் வேண்டாம் என்று தாளைக் கிழித்துப் போட்டார்.

இதை வேறொருவர் சொல்லி நீங்கள் கேட்கக்கூடாது. மறுபடி கேட்டாலும் இப்படித்தான் எழுதுவேன். இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்த முடியுமென்றால் வாருங்கள்.

ராக்கம்மா


போர்டிக்சன், 27.6.1943

தலைவர் ராக்கம்மாவுக்கு,

மூன்று நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தது. நாலாம் நாள் அது என்மேலேயே திரும்பியது. சயாமுக்குப் பட்டியல் போட்ட அன்றைக்குக் கங்காணி என் பெயரை அடித்துவிட்டு எழுதியது செல்லம்மா புருஷன் பெயரைத்தான். தெரிந்தேதான் நான் உப்பு வேலைக்கு லாரி ஏறினேன். இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். முதலில் செல்லம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இனி என் பெயரை எழுத நேர்ந்தால் அழாமல் எழுது. நீ அழுதால் எனக்குப் பயம் கூடிவிடும்.

உன்
இராஜமாணிக்கம்