மதுராவின் ஜன்னல்

சர்மிளா,

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். கொஞ்சமாவது சாப்பிடு.

பக்கத்தில் மாடி எழும்பியதிலிருந்து நம் பல்கனியில் வெயிலே இல்லை. மதுராவின் குட்டி ரோசாச் செடிகள் மூன்றில் இரண்டு பட்டுவிட்டன. வெயில் விழுவது அவள் அறை ஜன்னலில் மட்டும்தான். பிள்ளையை அடக்கம் செய்த நாளிலிருந்து பூட்டிய அறை. "திறந்தீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்" என்று நேற்றும் சொன்னாய்.

திறந்துவிட்டேன். மிஞ்சிய செடியை அங்கே வைத்தேன். கட்டிலைத் தொடவில்லை.

தம்புள்ளையிலிருந்து நான் வர ஏழு மணியாகும். சாவி அந்தக் கதவிலேயே இருக்கிறது.

சதீஸ்

இதையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் அவளுடைய ஸ்கூல் போத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைத்தான் செடிக்கு ஊற்றினேன். நான் வந்ததும் என்னை ஏசு. போய்விடாதே.